யூகோநாஸ்டால்ஜியா: சொல் விளக்கம்

தென்கிழக்கு ஐரோப்பாவில் இருந்த யூகோஸ்லாவியா என்ற நாடு 1991-இல் உடையத் தொடங்கியது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இன்றும் அந்த நாட்டை நினைத்து ஏங்குவதற்குப் பெயர்தான் யூகோநாஸ்டால்ஜியா. ‘யூக்’ என்றால் அவர்கள் மொழியில் தெற்கு. தென் ஸ்லாவியரின் நாடு என்பதால் யூகோஸ்லாவியா.

நாஸ்டால்ஜியா என்ற பின்பாதி, மருத்துவம் தந்த சொல். 1688-இல் பாசல் பல்கலைக்கழகத்தில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டுக்காக இதை உருவாக்கினார். கிரேக்கத்தில் நோஸ்டோஸ் என்றால் வீடு திரும்புதல். ஆல்கோஸ் என்றால் வலி. ஊரைப் பிரிந்த சுவிட்சர்லாந்துக்காரர்களை வாட்டிய நோய்க்கு அவர் வைத்த பெயர் இது. நோயாளியை ஊருக்குத் திருப்பி அனுப்புவதுதான் சிகிச்சை. யூகோஸ்லாவியாவில் இருந்து இன்று போஸ்னியாவின் தலைநகராகிவிட்ட சரயேவோவில் பிறந்தவருக்கு அந்தச் சிகிச்சை பலிக்காது. ஊர் அங்கேயே இருக்கிறது, நாடு இல்லை.

யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த குரோவாசியாவில் 1990-களில் இந்தச் சொல் வசைச்சொல்லாகவே புழங்கியது. புதிய தேசியத்தை ஏற்காத எழுத்தாளர்களை ‘யூகோநாஸ்டால்ஜியாக்காரர்கள்’ என்று ஏசினார்கள்.

இந்த ஏக்கத்தைக் காயத்திலிருந்து தனியே பிரித்துப் பேச முடியாது என்பதை ஆவணப்படங்கள் நன்றாகக் காட்டுகின்றன. மிலா துராய்லிச் 2010-இல் எடுத்த ‘சினிமா கொமூனிஸ்டோ’வில், யூகோஸ்லாவிய அதிபர் டிட்டோவுக்கு இரவுதோறும் படம் ஓட்டிய ஆபரேட்டர் வருகிறார். எஜமானரின் பெல்கிரேடு மாளிகைக்குள் மறுபடி நடக்கிறார். அது 1999-இல் நேட்டோ குண்டுவீச்சில் சிதைந்த கட்டடம். அவர் பேசுவதெல்லாம் பழைய பெருமை, கேமரா காட்டுவதோ இடிபாடு. ஏக்கமும் காயமும் ஒரே ஷாட்டில் இருக்கின்றன. மிலாவின் 2017 படமான ‘தி அதர் சைட் ஆஃப் எவ்ரிதிங்’ இன்னும் அந்தரங்கமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் அரசு அவர் குடும்பத்தின் பெல்கிரேடு வீட்டைப் பிரித்து, மறுபாதியில் வேறு ஆட்களைக் குடிவைத்தது. நடுக்கதவு பல பத்தாண்டுகளாகப் பூட்டியே கிடந்தது. அந்த வீட்டுக்குள் மகள் மிலா கேட்க, 1990-களின் செர்பியத் தலைவர் மிலோசெவிச்சை எதிர்த்துப் போராடிய பேராசிரியையான தாய் பதில் சொல்கிறார். அந்தத் தாயிடம் டிட்டோ காலத்துக்கான கண்ணீர் இல்லை. இழந்த நாட்டைப் பற்றிய படம் என்றாலே ஏக்கப் படம் என்று முத்திரை குத்துவது தவறு என்பதற்கு இதுவே போதும்.

இனி தமிழ். நாஸ்டால்ஜியாவுக்கு ‘மலரும் நினைவுகள்’ என்று எழுதும் வழக்கம் பத்திரிகைகளில் உண்டு. பள்ளித் தோழர்கள் கூடும் விழாவுக்கு அது பொருந்தலாம். 1995 ஜூலையில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட போஸ்னிய ஊரான ஸ்ரெப்ரெனிட்சாவைக் கடந்து வந்தவர்களின் நினைவுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆல்கோஸின் வலி அதில் இல்லை. ‘நினைவேக்கம்’ என்பதில் இருக்கிறது.

இந்த ஏக்கத்தோடு கூடவே வரும் மனக்காயத்தைச் சுட்டும் சொல்லான ட்ராமாவுக்குக் கிரேக்கத்தில் புண் என்று பொருள். ‘அதிர்ச்சி’ என்றால் அன்றைக்கே முடிந்துபோனது போல ஒலிக்கிறது. ஈழத்தில் போரின் உளப் பாதிப்பைப் பற்றி எழுதியவர்கள் ‘மனவடு’ என்றார்கள். வடு என்றால் ஆறிய தழும்புதானே என்று கேட்பவர்களுக்குக் குறள் இருக்கிறது: ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு.’ வள்ளுவரிடம் ஆறுவது புண், ஆறாதது வடு.

ஆகவே, யூகோநாஸ்டால்ஜியாவுக்கு ‘யூகோஸ்லாவிய நினைவேக்கம்’, ட்ராமாவுக்கு ‘மனவடு’ என்று எழுதலாம். வசையாகப் புழங்கிய காலத்தைப் பேசும்போது மட்டும் மூலச் சொல்லையே வைத்துக்கொள்வது நல்லது.