அந்தக் கீரைப் பொட்டலம் எந்தப் பாத்தியிலிருந்து வந்தது?

பேரங்காடிக் கீரை அலமாரியில் மூன்று விதமான வாசகங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: 'உள்ளூர் விளைச்சல்', 'பூச்சிமருந்து இல்லை', 'ஆர்கானிக்'. வாங்குபவர்கள் பலர் மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இதனால் அதிகம் பாதிக்கப்படுவது சிங்கப்பூரின் லிம் சூ காங், கிராஞ்சிப் பக்கம் மண்ணில் பயிர் செய்யும் சிறு குடும்பப் பண்ணைகள்தாம்.

'எஸ்ஜி' முத்திரை, பொருள் சிங்கப்பூரில் விளைந்தது என்பதை மட்டும் சொல்கிறது. கட்டடத்துக்குள் நீரில் வளர்த்த கீரையில் பூச்சிமருந்து இல்லாமல் இருக்கலாம். ஆனால் கரைத்த ரசாயன உப்புகளை உண்டு வளர்ந்தது ஆர்கானிக் ஆகாது. 'ஆர்கானிக்' என்று எழுதி இங்கே விற்க வேண்டுமானால், கோடெக்ஸ் என்ற அனைத்துலக உணவுத்தர அமைப்பு 1999இல் வெளியிட்ட வழிகாட்டுநெறிக்கு ஏற்பச் சான்று பெற்றிருக்க வேண்டும். ஆர்கானிக் விளைபொருளுக்கான சிங்கப்பூர்த் தரநிலை எஸ்எஸ் 632. தூய, பசுமையான நகர்ப்பண்ணைகளுக்கான எஸ்எஸ் 661 வேறு. அதை வைத்து ஆர்கானிக் என்று சொல்ல முடியாது.

சான்றுக்கு முதலில் கொடுக்கும் விலை, காலம். கீரை, சாய் சிம் என்ற சீனக்கீரை போன்ற ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகளாவது நிலம் இயற்கை முறையில் இருக்க வேண்டும். முருங்கை, கறிவேப்பிலை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள். நிலத்தின் பழைய வரலாற்றைப் பார்த்து இதைக் குறைக்கலாம்; எப்படியும் 12 மாதத்துக்குக் கீழே போகாது. இந்த மாற்றுக்காலம் முடியும்வரை செலவு ஆர்கானிக் செலவு, விற்பனை சாதாரண விலை. 20 ஆண்டுக் குத்தகை நிலத்தில் 2 ஆண்டு என்பது பத்தில் ஒரு பங்கு. குத்தகைக் கையெழுத்துக்கு முன்பே கணக்கில் சேர்க்க வேண்டியது இது.

அடுத்தது எரு. பண்ணைகள் தெரியாமல் தடுக்கி விழும் இடம் இதுதான். பக்கத்திலேயே முட்டைக்கோழிப் பண்ணை இருக்கும், எரு மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கும். ஆனால் தொழிற்சாலை போலக் கூண்டில் அடைத்து வளர்க்கும் கோழியின் எருவைக் கோடெக்ஸ் ஏற்பதில்லை. ஒரு லாரி எரு இறங்கிவிட்டால் அந்தப் பாத்திகளின் மாற்றுக்காலக் கணக்கே கேள்விக்குள்ளாகும். டோஃபு செய்பவர்களிடம் கிடைக்கும் சோயா சக்கையும் அப்படித்தான்: மரபணு மாற்றிய சோயாவா இல்லையா என்று எழுத்தில் வாங்கிய பிறகே பண்ணைக்குள் வரவேண்டும். நகரில் மரம் கழிக்கும்போது கிடைக்கும் மரச்சீவல் நல்ல பொருள். மருந்தில் ஊறிய பழைய பலகை அதில் கலந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

குவியல் போடும்போது கார்பன், நைட்ரஜன் விகிதம் 25:1 முதல் 40:1க்குள் இருக்கட்டும். மரச்சீவலில் கார்பன் மிக அதிகம். பச்சைத்தழையும் காய்கறிக் கழிவும் சேர்த்தால்தான் சூடேறும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சூடு நிற்காது. ஈரம் பார்க்க ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள்: விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் அதிகம், பிழிந்த உருண்டை உதிர்ந்தால் குறைவு. நீண்ட கம்பியுள்ள வெப்பமானியைக் குவியலின் நடுவில் குத்தி, 55 டிகிரிக்கு மேல் 15 நாளாவது நிற்கிறதா என்று தினமும் எழுதுங்கள். அந்த 15 நாளில் குறைந்தது 5 முறை கிளற வேண்டும். ஓரத்தில் கிடப்பது நடுவுக்கு வந்தால்தான் நோய்க்கிருமியும் களைவிதையும் சாகும். 70ஐத் தாண்டினால் நல்ல நுண்ணுயிரும் போய்விடும், உடனே கிளறுங்கள். இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 2,100 மில்லிமீட்டர் மழை. கூரையில்லாத குவியல் நவம்பர், டிசம்பரில் நனைந்து காற்றில்லாமல் அழுகும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது எரு இல்லை, கழிவு.

ஊரில் பழகிய பஞ்சகவ்யத்தைக் கீரை இலைமேல் தெளிக்கலாமா என்று நம் தமிழ் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதில் இருப்பது மட்காத சாணம். அமெரிக்க ஆர்கானிக் விதிப்படி மட்காத சாணத்தை மண்ணில் சேர்த்தால், உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிருக்கு அறுவடைக்கு முன் 120 நாளும் மற்றவற்றுக்கு 90 நாளும் இடைவெளி வேண்டும். 24 நாளில் அறுக்கும் முளைக்கீரைக்கு அந்த இடைவெளி எங்கிருந்து வரும்? வேப்பங்கொட்டைச் சாறு வேறு விஷயம்: 5 கிலோ பருப்பை இடித்து 100 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். அதையும் சான்றளிப்பவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விதையில் ஒரு வார்த்தை. பாக்கெட்டைப் பிரித்ததும் விதை இளஞ்சிவப்பாக இருந்தால் அநேகமாகப் பூஞ்சைமருந்து பூசியது. ஆர்கானிக் விதை கிடைக்காவிட்டால் மருந்து பூசாத விதையைக் கேட்டு வாங்குங்கள். ஆர்கானிக் விதை கேட்டுக் கடைக்காரருக்கு அனுப்பிய மின்னஞ்சலையும் கோப்பில் வையுங்கள்.

கொசுப்புகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டெங்கிக்காக அக்கம்பக்கத்தில் புகை அடித்தால் அது வேலியோடு நிற்காது. ஓரப் பாத்திகளில் விற்காத பயிரை வேலிபோல வைப்பதும், புகை அடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லும்படி அண்டை நிலத்தாரிடம் கேட்டுவைப்பதும், காற்று வந்த திசையை அன்றே குறித்துவைப்பதும் பண்ணையைக் காப்பாற்றும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்யும் குடும்பப் பண்ணைகள் சான்றுக்கான சோதனையில் தடுமாறுவதற்குக் காரணம், செய்தது எல்லாம் பெரியவரின் தலைக்குள் இருப்பது. எந்தப் பாத்தியில் எந்த எரு, எப்போது போட்டது என்று அப்பாவுக்கு அத்துப்படி, ஏட்டில் இருக்காது. சோதனையாளர் குளிரறையில் ஏதோ ஒரு பொட்டலத்தை எடுப்பார். அதில் 14-0306 என்றிருக்கும்: 14ஆம் பாத்தி, ஜூன் 3இல் அறுத்தது. அறுவடை ஏட்டில் அன்று 14ஆம் பாத்தியில் 15 கிலோ என்றிருக்க வேண்டும். விதைப்பு ஏடு மே 10 என்று சொல்ல வேண்டும், விதை ரசீதும் எருக்குவியலின் எண்ணும் அதோடு வரவேண்டும். 200 கிராம் பொட்டலம் 70 விற்றது 14 கிலோ; மீதி 1 கிலோ மஞ்சள் இலை, மட்கக் குவியலுக்குப் போனது. கணக்கு இப்படி முடியவேண்டும்.

அவர் அதோடு விடமாட்டார். அந்தப் பாத்தி 10 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், ஆக 12 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1 முதல் 1.5 கிலோ என்று வைத்தால் 12 முதல் 18 கிலோ. ஏட்டில் 40 கிலோ விற்றதாக இருந்தால், மீதிக் கீரை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். வெளியில் வாங்கிக் கலந்ததாகவே அதற்குப் பொருள் வரும். முந்தின இரவு ஒரே பேனாவில் எழுதி நிரப்பிய ஏட்டையும் பழகிய கண் உடனே கண்டுகொள்ளும். பாத்தி ஓரத்தில் நின்று எழுதிய ஏட்டில் மண் கறை இருக்கும். அந்த ஏட்டுக்குத்தான் மதிப்பு.

பண்ணைக்குப் பெயர் வாங்கித் தருவதும் கெடுப்பதும் அறுவடைக்குப் பின்வரும் சில மணி நேரம். இங்கே சூரியன் எழவே ஏறக்குறைய 7 மணி. அதற்கு முன்பே தலைவிளக்கோடு அறுக்கத் தொடங்கினால் இலையில் வயல்சூடு ஏறாது. குளிர்ந்த சுத்தமான நீரில் முக்கி, நீரை முழுக்க வடித்து, துளையிட்ட உறையில் போடுங்கள். ஈரத்தோடு கட்டிய கீரை இரண்டாம் நாளே கொழகொழத்துவிடும். சாய் சிம், காய்லான் போன்ற சீனக்கீரைகள் 5 டிகிரிக்குள் நன்றாக நிற்கும். கத்தரி, வெள்ளரி, துளசி ஆகியவற்றை அதே குளிரில் வைத்தால் கறுத்துப் புள்ளி விழும்; அவற்றுக்கு 10 முதல் 12 டிகிரி வேண்டும். முருங்கைக்கீரையைப் பழுத்த வாழைப்பழத்தோடு ஒரே பெட்டியில் ஏற்றினால், தேக்கா சந்தைக்குப் போய்ச் சேருமுன் காம்பு ஒரு பக்கம் இலை ஒரு பக்கமாகக் கிடக்கும்.

சிறு பண்ணைக்கு உணவகங்கள் நல்ல வாசல். 2023இல் சிங்கப்பூர் உணவு அமைப்பு தொடங்கிய அங்கீகாரத் திட்டத்தில், ஏதாவது ஒரு வகையில் குறைந்தது 15 விழுக்காடு உள்ளூர்ப் பொருளை வாங்கும் உணவகங்களுக்கு முத்திரை தரப்படுகிறது. அதனால் சமையல்காரர்கள் உள்ளூர்ப் பண்ணைகளைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது சுவையை அல்ல. ஒவ்வொரு செவ்வாயும் அதே 6 கிலோ, அதே அளவில் வருமா என்பதைத்தான். 24 நாள் பயிருக்கு வாரம் ஒரு பாத்தி விதைத்து, நான்கு பாத்திகளைச் சுற்றில் வைத்தால் அந்த வாக்கைக் காப்பாற்றலாம். தொடர்மழை வாரத்துக்கு ஒரு பாத்தி கூடுதலாக இருக்கட்டும்.

வாங்குபவர்களுக்கு: பண்ணையில் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், நேர்மையான பண்ணை தயங்காது. காலாவதித் தேதியைப் பாருங்கள். பிறகு பயிர்ப் பட்டியலைப் பாருங்கள். சான்று பண்ணைக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. எந்தப் பயிர், எந்த நிலப்பகுதி என்று குறித்தே தரப்படுகிறது. முளைக்கீரைக்கு இருக்கும் சான்று அதே கூடையில் இருக்கும் பச்சைமிளகாய்க்கும் இருக்கிறதா என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்லும்.