முகத்துவாரத்துக்கு வைத்தியம் சேலத்துல இருந்து ஆரம்பிக்கணும்

நான் சேலத்துல தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாக்குறேன். ஆறு கடல்ல சேருற இடத்தப் பத்தி, அதாவது முகத்துவாரத்தப் பத்தி பேச்செடுத்தாலே "கடலே இல்லாத ஊருல இருந்துக்கிட்டு உனக்கு ஏம்ப்பா அந்தக் கவலை"ன்னு கேக்குறாங்க. ஆனா நம்ம ஊரு தண்ணி எங்க போகுதுன்னு ஒரு தடவை மேப்ப எடுத்து பாருங்க. அருநூத்துமலைப் பக்கம் கிளம்புற வசிஷ்ட நதி பேளூர், பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல்னு போயி வெள்ளாறா மாறி பரங்கிப்பேட்டையில கடல்ல விழுது. சேர்வராயன் மலையில மஞ்சவாடி பக்கம் பொறக்குற திருமணிமுத்தாறு சேலம் டவுனுக்குள்ள புகுந்து, நாமக்கல் மாவட்டத்துல காவிரியில சேருது, அந்தக் காவிரி முக்கொம்புல பிரிஞ்சு கொள்ளிடமா பழையாறு கிட்ட கடலுக்கு போகுது. இந்த ரெண்டு முகத்துவாரத்துக்கும் நடுவுலதான் பிச்சாவரம் சதுப்புநிலக் காடு இருக்கு. வடக்க வெள்ளாறு, தெக்க கொள்ளிடம், ரெண்டுலயும் நம்ம மாவட்டத்து தண்ணி.

முகத்துவாரம் ஏன் முக்கியம்னா, இறால் முட்டை போடுறது கடல்ல, ஆனா குஞ்சு வளர வர்றது உப்பும் நல்ல தண்ணியும் கலந்த இந்த இடத்துக்குத்தான், மடவை, கொடுவா, நண்டு எல்லாத்துக்கும் இதுதான் தாய்வீடு மாதிரி. அதோட இன்னொரு விஷயம். ஆத்துத் தண்ணியில மிதந்து வர்ற நைஸான களிமண்ணு உப்புத் தண்ணியத் தொட்டதும் திரண்டு அடியில படிஞ்சிரும். அந்த மண்ணுல ஒட்டிக்கிட்டு வர்ற உலோகக் கழிவும் சேந்து அங்கயே தங்கிரும். அதனாலதான் பட்டறையில இருந்தோ சாயப்பட்டறையில இருந்தோ மேல எவனோ ஊத்துனது கீழ சேத்துல வருஷக்கணக்கா கிடக்குது.

இப்ப என் வேலையில நடந்த ஒண்ண சொல்றேன். ஆத்தூர் பக்கம் ஒரு தடுப்பணையில தண்ணி பச்சையா தேங்கிக் கிடந்துச்சு, மேல சேகோ, அதாவது ஜவ்வரிசி பேக்டரி தண்ணியும் ஊர் சாக்கடையும் கலக்குற இடம். மதியம் 3 மணிக்கு போயி கரைஞ்ச ஆக்சிஜன் பாத்தேன், ரொம்ப நல்லா வந்துச்சு, நானும் அப்படியே எழுதி குடுத்துட்டு வந்துட்டேன். மறுநாள் காலையில அங்க இருக்குற விவசாயி ஒருத்தர் போன் பண்றார், "சார், நேத்து நல்லாருக்குன்னு சொல்லிட்டு போனீங்க, இங்க மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க". எனக்கு உடம்பே பதறிப் போச்சு. பகல்ல வெயில் இருக்குறப்ப பாசி ஆக்சிஜன் விடும், அத நான் அளந்துட்டேன். ராத்திரி பூரா அதே பாசியும் அழுகுற கழிவும் சேந்து அத உறிஞ்சி எடுத்துருது, உண்மையான நிலைமை விடியறதுக்கு முன்னாடிதான் தெரியும்.

அடுத்த நாள் விடிகாலை 5 மணிக்கெல்லாம் போயிட்டேன். 300 மில்லி கண்ணாடி பாட்டில தண்ணிக்குள்ளயே அமுக்கி காத்துக்குமிழி ஒண்ணுகூட இல்லாம நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு மூடி கவுத்து ஆட்டணும், இது விங்க்ளர்ங்கற வேதியியல் விஞ்ஞானி 1888ல சொன்ன முறை, இன்னைக்கும் இதுதான் நம்பகமானது. ஆக்சிஜன் இருந்தா உள்ள வெல்லம் கலர்ல பழுப்பா திரியும். அன்னைக்கு பாட்டில டார்ச் அடிச்சு பாக்குறேன், சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா எறங்குது. அதுல ஆக்சிஜனே இல்ல.

சேகோ தண்ணியப் பத்தி சொல்லணும். குச்சிக்கிழங்க அரைச்சு மாவு எடுத்தப்புறம் வெளிய போற தண்ணியில ஸ்டார்ச்சு அப்படியே இருக்கும், ரெண்டு நாள்ல புளிச்சு நாறும், பி.ஓ.டி., அதாவது அந்த அழுக்க மக்க வைக்க கிருமிக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேணும்கற கணக்கு, லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம்ல நிக்கும். ஆத்துல விடணும்னா 30க்குள்ள இருக்கணும்கறது சட்டம். அதே தண்ணிய மூடுன தொட்டியில விட்டு கேஸ் எடுத்து பேக்டரியிலயே அடுப்பெரிக்குறவங்களும் நம்ம ஊருல இருக்காங்க, ஸோ முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. கிழங்கு இந்த ஊரு ஜனங்களுக்கு சோறு போடுற பயிர், பேக்டரிய மூடுங்கன்னு நான் சொல்லல, தொட்டிய ஓட்டுங்கன்னுதான் சொல்றேன்.

வசிஷ்ட நதி வருஷத்துல பல மாசம் காஞ்சு கிடக்குறதால அழுக்கெல்லாம் குழி குழியா தேங்கி நிக்கும், முதல் பெருமழையில மொத்தமா அடிச்சுக்கிட்டு போகும். தொழுதூர், சேத்தியாத்தோப்பு அணைக்கட்டெல்லாம் தாண்டி வெள்ளம் போறப்ப, கீழ இருக்குற முகத்துவாரத்துக்கு ஏற்கனவே ஆக்சிஜன் இருப்பு கம்மி. 30 டிகிரி சூட்டுல நல்ல தண்ணி லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் கிட்ட பிடிச்சு வைக்கும்னா கடல் தண்ணி ஆறு சொச்சம்தான் பிடிக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு கீழ போச்சுன்னா நகர முடியாத சேத்துப்புழு, சிப்பியெல்லாம் சாக ஆரம்பிக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் வெள்ளாத்து முகத்துவாரக் கரையிலேயே இருக்கு, அங்க சேத்துல வாழுற புழுவ எண்ணிப் பாக்குற ஆராய்ச்சி பண்றாங்க. தண்ணி இன்னைக்கு நிலைமையத்தான் சொல்லும், புழு பல மாசக் கதைய சொல்லும்.

சீரமைப்புன்னா கன்னு நடுறதுன்னு நாம நெனைக்கிறோம். பிச்சாவரத்துல அது தப்புன்னு புரிஞ்சுது. முன்னாடி காட்ட வரிசை வரிசையா வெட்டுனதுல வெயில் பட்டு மண்ணு உள்ள எறங்கி தட்டு மாதிரி ஆயிருச்சு, அலைத்தண்ணி உள்ள வந்தா வெளிய போகாம தேங்கி உப்பு ஏறிடுச்சு, அதுல எத நட்டாலும் வராது. 1990கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் ஜனங்களும் சேந்து மீன்முள்ளு மாதிரி வாய்க்கா வெட்டுனாங்க, நடுவுல பெரிய வாய்க்கா, ரெண்டு பக்கமும் சாய்வா சின்ன வாய்க்கா. தண்ணி போக வர ஆரம்பிச்சப்புறம்தான் வெண்கண்டல்ங்கற சதுப்புநில மரம் பிடிச்சு வளந்துச்சு.

நம்ம ஆத்துக்கும் அதே கணக்குதான், மொதல்ல உண்மையான காரணத்த கண்டுபிடிக்கணும். மீன் செத்து மிதக்குதுன்னா மதியம் வந்து போட்டோ எடுத்தா ஒண்ணும் நிக்காது, விடிகாலையில போங்க, நேரத்த எழுதுங்க, சுத்தமான பாட்டில வாய் வரைக்கும் நிரப்பி ஐஸ் பெட்டியில வச்சு அன்னைக்கே லேபுக்கு கொண்டாங்க.