தண்டவாளத்தைத் தொட்டால் சுரீரென்கிறதா? பிளக்கை உடனே பிடுங்குங்கள்

பாம்பனில் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய தூக்குப் பாலம் திறந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரயில் மேல் தனிப் பிரியம் வந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பெரியவர்களும் பரணில் கிடந்த பொம்மை ரயிலை இறக்கித் துடைக்கிறார்கள். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கமெல்லாம் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன குடும்பங்கள் நிறைய. அப்படிப் போனவர்கள் பிள்ளைகளுக்கென்று வாங்கி வந்த ரயில் செட்டுகள் சில வீடுகளில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. இராமநாதபுரத்தில் மின்சாதனப் பழுது பார்க்கும் எனக்கு, அந்த ரயிலோடு வரும் கனமான இரும்புப் பெட்டியைப் பார்த்தால்தான் கவலை வரும். டிரான்ஸ்பார்மர்.

அதன் வேலை எளிமையானது. சுவரில் வரும் 230 வோல்ட்டை 12, 16, 20 என்று தொட்டாலும் ஆபத்தில்லாத அளவுக்குக் குறைத்துத் தண்டவாளத்துக்குக் கொடுக்கும். உள்ளே ஒரே இரும்புக் கோரின் மேல் இரண்டு காயில்கள். 230 வோல்ட் வருவது பிரைமரி, தண்டவாளத்துக்குப் போவது செகண்டரி. இரண்டுக்கும் கம்பித் தொடர்பு கிடையாது. நடுவில் எண்ணெய்க் காகிதமோ வார்னிஷ் துணியோ சுற்றியிருப்பார்கள். பொம்மை ரயிலின் தண்டவாளம் வெறும் உலோகம், மேலே எந்த உறையும் இல்லை. பிள்ளை வெறுங்காலோடு சிமென்ட் தரையில் உட்கார்ந்து, தடம் புரண்ட பெட்டியை எடுத்து வைக்கும்போது விரல் தண்டவாளத்தில்தான் படும். அந்த விரலுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் இருப்பது அந்தப் பழைய காகிதம் ஒன்றுதான்.

அந்தக் காகிதம் கெட்டுப்போனாலும் ரயில் நன்றாகவே ஓடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கீழக்கரையிலிருந்து வந்த ஒரு தம்பி சொன்னதை அப்படியே தருகிறேன். "அண்ணே, ரயில் நல்லா ஓடுது. தண்டவாளத்தைத் தொட்டா மட்டும் லேசா சுரீர்ங்குது. பிளக்கைத் திருப்பிப் போட்டா அதுவும் இல்ல." இதை வேறு வேறு வார்த்தைகளில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். திருப்பிப் போட்டால் ஏன் நிற்கிறது? பிரைமரி காயிலின் ஒரு முனைக்குப் பக்கத்தில் கசிவு இருக்கிறது. அந்த முனை ஃபேஸில் இருந்தால் சுரீரென்கும், நியூட்ரலில் இருந்தால் தெரியாது. கசிவு போகவில்லை, மறைந்திருக்கிறது. நாளைக்கு யாராவது பிளக்கை வேறு மாதிரி சொருகினால் திரும்ப வரும். பழைய பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது. வீட்டில் இ.எல்.சி.பி. (கரண்ட் தரைக்குக் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருந்தாலும், கசியும் கரண்டுக்குத் தரைக்கு வழி இல்லாதவரை அது டிரிப் ஆகாது. அந்த வழியைக் கொடுப்பது தொடுகிற ஆளின் உடம்புதான். 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. அந்த நேரத்தில் உயிரைக் காப்பாற்றக்கூடும் என்பதால் அது வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். அதை நம்பிக் கெட்ட டிரான்ஸ்பார்மரை ஓட்டக் கூடாது.

அந்தத் தம்பியின் பெட்டியைப் பிரித்தபோது வயர் உள்ளே நுழையும் இடத்தில் ரப்பர், விரல் பட்டதும் உதிர்ந்தது. காயில் முனைகளில் பச்சையாகக் களிம்பு. கோராக அடுக்கியிருக்கும் ஸ்டாம்பிங் தகடுகளின் ஓரத்தில் துரு உப்பி, காகிதத்தின் மேல் ஏறியிருந்தது. மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே ஒன்றும் காட்டவில்லை, நல்ல பெட்டி என்றே தோன்றும். மல்டிமீட்டர் சில வோல்ட்டை வைத்துத்தான் அளக்கும். 500 வோல்ட் மெக்கரை (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்ததும் முள் ஒரு மெகா ஓமுக்குக் கீழே போய் நின்றது. நல்ல டிரான்ஸ்பார்மரில் இது நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்ட வேண்டும்.

நம் கடற்கரையில் இது அதிகம் நடக்கக் காரணம் உப்புக்காற்று. இந்த வட்டாரத்தில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி மண்டபத்தில் ஒரு ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். காற்று ஓரளவு காய்ந்திருக்கும்போதுகூட அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பெட்டியை மூன்று நாள் வெயிலில் வைத்தாலும் பலன் நிற்பதில்லை. காய்ந்த அன்று மெக்கர் நன்றாகக் காட்டும், வாடைக்காற்று தொடங்கியதும் பழையபடி இறங்கும். முதலில் உப்பை எடுக்க வேண்டும், பிறகுதான் ஈரத்தை.

காயில் நன்றாக இருந்து மேலே மட்டும் உப்பு படிந்திருந்தால் நான் செய்வது இதுதான். மென்மையான பிரஷ்ஷால் துருவைத் தட்டிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைப் பல முறை துடைப்பேன். அப்புறம் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. அது முழுக்க ஆவியாகிப் போன பிறகே, மரப்பெட்டிக்குள் பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, அந்த மிதமான சூட்டில் இரவு முழுக்கக் காய வைப்பேன். சூடு இருக்கும்போதே இன்சுலேஷன் வார்னிஷ். வயரையும் பிளக்கையும் புதிதாக மாற்றி, இரும்புக் கூட்டுக்கு எர்த் கொடுத்து மூன்று பின்னாக்குவேன். முதல் முறை கரண்ட் கொடுப்பது சீரிஸ் பல்போடுதான், அதாவது கரண்ட் வரும் வயரில் ஒரு குண்டு பல்பைக் கோத்து. செகண்டரியில் ஒன்றும் மாட்டாமல் பார்க்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. சீரிஸ் பல்பு ஷார்ட்டை மட்டுமே காட்டும், கசிவைக் காட்டாது. ஆகவே கடைசியில் மறுபடியும் மெக்கர். பத்து மெகா ஓமாவது நிற்காத பெட்டியை என் கடையிலிருந்து வெளியே அனுப்புவதில்லை. கீழக்கரைத் தம்பியின் பெட்டி நிற்கவில்லை. இரண்டு காயிலையும் பிரித்துப் புதிதாகச் சுற்றத்தான் வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலிருந்து வந்த லயனல் கம்பெனி ரயில் செட் என்றால் கதையே வேறு. அது 115 வோல்ட், 60 சைக்கிளுக்குச் செய்தது. நம் பிளக்கில் நேராகச் சொருகினால் ஃபியூஸ் முந்திக்கொள்ளாவிட்டால் காயில் கருகிவிடும். 1948-இல் வந்த லயனலின் இசட்.டபிள்யூ. டிரான்ஸ்பார்மர் மாதிரியெல்லாம் இன்றும் சேகரிப்பவர்கள் தேடும் பொருள். ஒரு நிமிட அவசரத்தில் அதை இழக்க வேண்டாம். 230-ஐ 110 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பயணத்துக்கென்று விற்கும் கையடக்கமான எலெக்ட்ரானிக் வகையை டிரான்ஸ்பார்மருக்குப் போடவே கூடாது. தனித்தனிக் காயில் உள்ள ஐசொலேஷன் வகையாகக் கேட்டு வாங்குங்கள். 60 சைக்கிளுக்கான கோர் நம் 50 சைக்கிளில் அதிகம் சூடாகி இரையும். முடிந்தால் 100 வோல்ட் எடுக்கும் தனி இணைப்பு (டேப்) உள்ளதாக எடுங்கள், சூடு அடங்கும். ஜெர்மனியின் மார்க்லின், இங்கிலாந்தின் ஹார்ன்பி எல்லாம் 220, 240 வோல்ட்டில் வந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் தகட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே பிளக் பக்கம் போங்கள்.

12 வோல்ட் டி.சி. பெட்டிகள் சிலவற்றில் ஏ.சி.யை டி.சி. ஆக்கும், அடுக்கடுக்காகத் தகடு கோத்த செலினியம் ரெக்டிஃபையர் இருக்கும். அது கருகும்போது வரும் புகை நச்சு. துர்நாற்றம் வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள், குனிந்து மோந்து பார்க்காதீர்கள். அதை எடுத்துவிட்டு அதே வேலை செய்யும் சிலிக்கான் பிரிட்ஜ் போட்டுக்கொள்ளலாம், வோல்ட் கொஞ்சம் கூடும்.

அப்புறம், பெரிய லேஅவுட் வைத்திருப்பவர்களுக்கு. ஒரே தண்டவாளத்தில் இரண்டு டிரான்ஸ்பார்மரை இணைத்துவிட்டு ஒன்றின் பிளக்கை மட்டும் பிடுங்கினால், மற்றொன்றின் மின்சாரம் தண்டவாளம் வழியாக அதன் செகண்டரிக்குள் போகும். டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். கையில் பிடித்திருக்கும் பிளக்கின் பின்களில் 200 வோல்ட்டுக்கும் மேல் நிற்கலாம். இரண்டையும் ஒரே சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி, சேர்த்தே அணையுங்கள்.

ஓட்டப்போவது சின்னப் பிள்ளைகள் என்றால் என் கருத்து ஒன்றுதான். பழைய டிரான்ஸ்பார்மரைக் காட்சிக்கு வைத்துவிடுங்கள், ரயிலுக்குத் தேவையான ஏ.சி.யா டி.சி.யா என்று பார்த்துப் புதிய சப்ளை வாங்குங்கள். மின்பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம், அதைப் பார்த்து எடுங்கள். தாத்தா தொட்டு ஓட்டிய பெட்டி என்ற பாசம் எனக்கும் புரிகிறது. அந்தப் பாசத்தை ரயில் தாங்கும், காகிதம் தாங்காது.

பழுது பார்க்கக் கொடுப்பவர்கள் கடையில் இப்படிக் கேளுங்கள்: "பிரைமரிக்கும் செகண்டரிக்கும், பிரைமரிக்கும் கூட்டுக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்து, எவ்வளவு காட்டியது என்று பில்லில் எழுதித் தாருங்கள்." மெக்கர் இல்லை என்றால் அங்கே விடாதீர்கள். மோட்டார் காயில் கட்டும் பட்டறைகளில் பெரும்பாலும் மெக்கர் இருக்கும், அங்கே எடுத்துப் போங்கள்.