சாவிக்கொத்தும் டி.பி. மாத்திரையும்: மூளையில் ஒரு வளையம்

காட்பாடி ஜங்ஷனிலோ குடியாத்தம் பஸ் ஸ்டாண்டிலோ ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், கூட்டத்திலிருந்து முதலில் எழும் குரல் "சாவி இருக்கா, சாவி?" என்பதுதான். யாரோ இடுப்பிலிருந்து கொத்தை அவிழ்த்து, ஓடி வந்து, இறுகிய கைக்குள் திணிப்பதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். வலிப்பு பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் தானே அடங்கிவிடும். ஆகவே சாவி எப்போதும் ஜெயிக்கும். உண்மையில் செய்ய வேண்டியது வேறு: ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும்.

சாவியைப் பார்த்துச் சிரிக்கும் மருத்துவமும், இதே கணக்கில் சில ஆண்டுகள் ஏமாந்திருக்கிறது.

1980-களில் இந்தியாவில் சி.டி. ஸ்கேன் பரவத் தொடங்கியது. வலிப்புக்காக வந்த இளைஞர்களையும் பிள்ளைகளையும் ஸ்கேன் செய்தபோது, பலருக்கு ஒரே மாதிரிப் படம் கிடைத்தது. மூளையின் மேற்பரப்பை ஒட்டி, சுண்டைக்காய் அளவில், கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியதும் பளிச்சென்று தெரியும் ஒரே ஒரு வளையம். சுற்றிலும் கொஞ்சம் வீக்கம். நம் நாட்டில் டி.பி. சாதாரணம், மூளையில் டி.பி. கட்டியும் இப்படித்தான் தெரியும். ஆகவே மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். மறு ஸ்கேனில் வளையத்தைக் காணோம். டி.பி.தான் என்பது நிரூபணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் அதே வளையம் மறைந்துகொண்டிருந்தது என்பதுதான் கணக்கை இடித்தது.

இந்த முடிச்சை அவிழ்த்ததில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். வலிப்புக்கான அறுவை சிகிச்சையும் அங்கே 1952-லேயே நடந்திருக்கிறது. அதே துறையைச் சேர்ந்த மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்த வளையங்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். டி.பி. கிருமிக்குப் பதிலாக, செத்துக்கொண்டிருந்த ஒரு புழுவின் மிச்சம் அங்கே கிடந்தது. 1989-ல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளியானது. பன்றி நாடாப்புழுவின் இளம் பருவம் மூளையில் தங்கும் அந்த நோய்க்கு நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் என்று பெயர்.

இதைச் சொன்னதும் எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நாங்க பன்னியே தொடறதில்லையே டாக்டர்?" நியாயமான கேள்வி. ஆனால் வழி வேறு. வேகாத பன்றிக்கறியில் உள்ள கட்டியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். பல மீட்டர் நீளம் போகும். ஆனால் அந்தப் புழுவால் வலிப்பு வராது. அது வயிற்றில் இருப்பவரின் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் வெளியேறும். அந்த முட்டை கழுவாத கை வழியாகவோ, பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, வெங்காயம், கேரட் வழியாகவோ இன்னொருவர் வயிற்றுக்குள்ளோ, அவர் வயிற்றுக்குள்ளேயோ போனால்தான் ஆபத்து. முட்டையிலிருந்து வரும் கரு குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறும். மூளையின் சாம்பல் பகுதியும் வெண்பகுதியும் சந்திக்கும் இடத்தில் ரத்தக் குழாய் சட்டென்று சன்னமாகிவிடுவதால், அங்கே சிக்கித் தங்கிவிடும். சுத்த சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இது வருவது அதனால்தான். வீட்டில் யாருக்காவது குடல் புழு இருந்தால் அவருக்கு மருந்து கொடுப்பதும் சிகிச்சையின் பாதி. நிக்ளோசமைடு அதற்குத் தோதானது. குடலைத் தாண்டி ரத்தத்தில் ஏறாது என்பதால் மூளையில் தெரியாமல் இருக்கும் கட்டியைச் சீண்டாது.

புழு உயிரோடு இருக்கும்வரை உடலின் எதிர்ப்புச் சக்தியை ஏய்த்துக்கொண்டு, நீர் நிறைந்த பையாக ஆண்டுக்கணக்கில் சத்தமின்றிக் கிடக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் உடல் விழித்துக்கொள்ளும். சுற்றிலும் அழற்சி, வீக்கம். பக்கத்திலுள்ள நரம்பணுக்கள் எரிச்சலடைந்து ஒன்றாகச் சேர்ந்து மின்துடிப்பை வெளியிடும். முதல் வலிப்பு வரும் நாளில் புழு ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒற்றை வளையம் மருந்தில்லாமலும் மறைவதன் ரகசியம் இவ்வளவுதான்.

இது எவ்வளவு பரவலானது? வேலூர் மாவட்டத்தில் கிராமமும் நகரமுமாக 50,617 பேரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளிவந்தது. ஆயிரத்துக்கு 3.83 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ இந்தப் புழுவின் தடயம் தெரிந்தது. சுத்தத்தால் தவிர்த்திருக்கக்கூடிய வலிப்பு, மூன்றில் ஒன்று.

கண்டுபிடிப்பது எப்படி? இந்த வகை வலிப்பு பெரும்பாலும் ஓரிடத்தில் தொடங்கும். வலது கட்டைவிரல் துடிக்கும், பிறகு மணிக்கட்டு, முழங்கை, முகம். நினைவு தப்பாமலேயே முடிந்தாலும் முடியும். அடங்கிய பின் அந்தக் கை சில மணி நேரம் தளர்ந்து கிடப்பதும் உண்டு. பக்கவாதம் என்று பயந்து வருபவர்கள் இவர்கள்தான். எந்தப் பக்கம் முதலில் துடித்தது, கண் திறந்திருந்ததா, எவ்வளவு நேரம் என்ற மூன்று விவரமும் ஸ்கேனைவிடப் பேசும். போனில் அரை நிமிட வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பாதி தமிழில், பாதி தெலுங்கில் சொல்லும் வர்ணனையில் இந்த இடது-வலது விவரம்தான் அடிக்கடி நழுவுகிறது, வீடியோவில் நழுவாது.

கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த சி.டி.யில் வெறும் வீக்கம் மட்டும் தெரிந்து, வளையம் தப்பிவிடலாம். கான்ட்ராஸ்ட் ஏற்றுமுன், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் கட்டிக்குள் புழுவின் தலை ஒரு புள்ளியாகத் தெரிந்தால் வேறு சாட்சியே வேண்டாம். ஆனால் சுண்ணாம்பு படிந்த பழைய கட்டியை சி.டி.தான் நன்றாகக் காட்டும். ரத்தப் பரிசோதனையை நம்பி ஏமாறக் கூடாது: இரண்டுக்கு மேல் கட்டி இருந்தால் துல்லியம், ஒற்றைக் கட்டி என்றால் நோய் இருந்தும் 'நெகட்டிவ்' வருவது சகஜம். மூளையின் மின்அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் அப்படியே, இயல்பாக இருந்தால் வலிப்பு இல்லை என்று பொருளல்ல. அதற்குப் போகிறவர்கள் முதல் நாளே தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். மின்முனைகள் பிடிப்பது மைக்ரோவோல்ட் அளவிலான அலைகளை. தேங்காய் எண்ணெய்ப் படலம் இருந்தால் முனை ஒட்டாது, கிராஃபில் விழுவது மூளை அலைக்குப் பதில் வெறும் இரைச்சல்.

புழுவா, டி.பி.யா என்று பிரிக்க வேலூர்க் குழு 1993-ல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் கைகொடுக்கிறது. கட்டி ஒன்றே ஒன்று, கான்ட்ராஸ்டில் பளிச்சிட வேண்டும், 20 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளும் அளவுக்கு வீக்கம் இருக்கக் கூடாது. நோயாளிக்கு வலிப்புதான் முதல் அறிகுறி. விடாத தலைவலி, வாந்தி போன்ற மூளை அழுத்தக் குறிகள் இல்லை. கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடவில்லை. உடலில் வேறெங்கும் டி.பி.யோ புற்றோ இல்லை. இவ்வளவும் பொருந்தினால் மண்டையைத் திறக்கத் தேவையில்லை, டி.பி. மருந்தும் தேவையில்லை. ஒன்று பொருந்தாவிட்டாலும் மறுபடி யோசிக்க வேண்டும். தேவையற்ற டி.பி. மருந்து வெறும் வீண்செலவோடு நிற்பதில்லை: கல்லீரலைப் பதம் பார்க்கும்; டி.பி. மருந்துகளில் ரிஃபாம்பிசின், வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும், ஐசோநயசிட் ஏற்றிவிடும். அடங்கியிருந்த வலிப்பு திரும்பும், அல்லது நோயாளி தள்ளாடுவார்.

வலிப்பு மருந்துதான் சிகிச்சையின் முதுகெலும்பு. கார்பமசெபின், ஃபெனிட்டாயின், லெவெட்டிராசிட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் போதும். அதோடு புழு மருந்தான அல்பெண்டசோல், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து, ஒற்றைக் கட்டிக்கு ஒன்று முதல் இரண்டு வாரம். வெறும் வயிற்றில் போட்டால் மருந்தில் பெரும்பகுதி ரத்தத்தில் சேராது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட வேண்டும். வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டை முன்கூட்டியே தொடங்குவது கட்டாயம்: மருந்து பட்டுப் புழு சாகும்போது வீக்கம் கூடி, தொடங்கிய வாரத்திலேயே வலிப்பு அதிகமாகலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த நாட்களில் அளவு எகிறும் என்பதைச் சொல்லிவைக்க வேண்டும். கண்ணுக்குள் கட்டி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்; இருந்தால் அங்கே எழும் அழற்சி பார்வையையே பறித்துவிடும். மூளை முழுக்க நூற்றுக்கணக்கில் கட்டிகளும் கடும் வீக்கமும் இருப்பவருக்குப் புழு மருந்தே விஷம். வீக்கத்தைத்தான் முதலில் அடக்க வேண்டும். மருந்துக் கடையில் 'பூச்சி மாத்திரை'தானே என்று வாங்கிப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

சரி, தானே மறையும் வளையத்துக்கு அல்பெண்டசோல் எதற்கு? இதுவும் இன்னொரு சாவிக்கொத்துதானா? நியாயமான சந்தேகம், அதைத் தீர்க்க ஒரே வழி, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாமல் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது. சண்டிகர் மருத்துவர்கள் பிள்ளைகளிடம் அப்படிச் செய்து 1998-ல் வெளியிட்டார்கள். வெற்று மாத்திரைக் குழுவிலும் கணிசமானோருக்கு வளையம் மறைந்தது. அல்பெண்டசோல் குழுவில் அதைவிட அதிகம் பேருக்கு, சீக்கிரமாக மறைந்தது. டி.பி. மாத்திரைக்கு இப்படியொரு போட்டி வைத்திருந்தால் ஆரம்பத்திலேயே தோற்றிருக்கும்.

மறு ஸ்கேன் மூன்றிலிருந்து ஆறு மாதத்தில். வளையம் பெரிதாகியிருந்தால் டி.பி., புற்று இரண்டையும் மறுபடி மேசைக்குக் கொண்டுவர வேண்டும். முழுக்க மறைந்து, ஆறு மாதமாவது வலிப்பும் இல்லை என்றால், வலிப்பு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். ஆயுள் முழுக்க வேண்டியதில்லை. வேலூரில் அப்படி நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் சுமார் 15 விழுக்காட்டினருக்குத்தான் வலிப்பு திரும்பியது. ஆனால் பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடுகளில் 'காக்காய் வலிப்பு' என்ற பெயர் மட்டும் மறைவதில்லை. 1999-லேயே திருமணச் சட்டத்தின் தடைக் காரணங்களிலிருந்து வலிப்பை எடுத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்துச் சட்டத்தில்தான் திருத்தம் வரவில்லை.

திரும்ப வருவது பெரும்பாலும் யாருக்கு? இரண்டுக்கு மேல் வலிப்பு வந்தவர்கள், மாத்திரை சாப்பிடும்போதே வந்தவர்கள், வளையம் இருந்த இடத்தில் சுண்ணாம்புப் புள்ளி நின்றுவிட்டவர்கள். அந்தப் புள்ளி செத்த புழுவின் தழும்பு. அதற்கு அல்பெண்டசோல் கொடுத்துப் பயனில்லை, வலிப்பு மருந்தைத்தான் நீட்டிக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்துத் திடீரென்று அதைச் சுற்றி வீக்கம் தோன்றி வலிப்பு வருவதுண்டு. அப்போது பார்க்கும் புது டாக்டர் அதைப் புதுக் கட்டி என்று நினைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவிடக்கூடும். ஆகவே முதல் சி.டி.யின் ஃபிலிமைப் பரணில் போட்டுவிடாதீர்கள். வெயில் படாமல் உறையோடு பீரோவில் இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் கையோடு எடுத்துப் போங்கள்.