சொல் விளக்கம்: ஃப்ளாக்குலன்ட் – திரளாக்கி

லத்தீனில் ஃப்ளாக்கஸ் என்றால் கம்பளிப் பிசிறு. கலங்கல் நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றுசேர்ந்தால் பஞ்சுப் பிசிறு போலத்தான் தெரியும். அப்படிச் சேர வைக்கும் பொருளுக்கு ஃப்ளாக்குலன்ட் என்று பெயர் வந்தது இதனால்தான்.

தமிழில் இதற்குத் 'திரளாக்கி' என்பதே சரி. 'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை' என்கிறோமே, அந்தத் திரளல்தான் இங்கேயும் நடக்கிறது. 'தேற்றி' என்றும் சொல்லலாமா? கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைத்த நம் பழைய வழக்கத்திலிருந்து வரும் நல்ல சொல் அது. ஆனால் தேற்றுதல் என்பது நீர் தெளிவதைக் குறிக்கும். எண்ணெய்க் கசடைப் பிரிப்பதிலும் திரளாக்கி பயன்படுகிறது; அங்கே முதலில் வேண்டியது துகள்கள் திரள்வது.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோது, கரை ஒதுங்கிய எண்ணெயை வாளி வாளியாக அள்ளியது சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். எண்ணெய், தண்ணீர், மண் மூன்றும் பின்னிக் கிடக்கும் இதுபோன்ற கசடு கச்சா எண்ணெய்த் தொட்டிகளின் அடியிலும் தேங்கும். அதிலுள்ள எண்ணெய்த் துளிகளும் நுண்மண்ணும் பெரும்பாலும் எதிர்மின்சுமை கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால் தாமாகப் பிரியாது.

படிகாரம் அந்த மின்சுமையைத் தணிக்கும். அதை 'உறைவிப்பான்' என்று தனியாகச் சொல்வதே நல்லது. பலர் உறைவிப்பானையும் திரளாக்கியையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். திரளாக்கியோ நீண்ட சங்கிலி மூலக்கூறு. பல துகள்களைப் பற்றி இழுத்துப் பெரிய திரளாக்கும். கலக்குவது மெதுவாக இருக்க வேண்டும், வேகம் கூடினால் திரள் உடைந்துவிடும்.

இப்போது அதிகம் புழங்குவது பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கைத் திரளாக்கி. அது எளிதில் மட்காது. அதன் மூலப்பொருளாக இருந்து அதில் எஞ்சக்கூடிய அக்ரிலமைடு நரம்புகளுக்கு நஞ்சு. அதனால்தான் மாவுச்சத்துத் திரளாக்கியை நான் ஆர்வத்தோடு பார்க்கிறேன். சேலம் பக்கம் ஜவ்வரிசிக்கு அரைக்கும் மரவள்ளிக் கிழங்கிலேயே மாவுச்சத்து நிறைய இருக்கிறது. சரி, அதை அப்படியே கரைத்து ஊற்றினால் போதுமா? போதாது. வெறும் மாவுச்சத்துக்கு மின்சுமை கிட்டத்தட்ட இல்லை. அதன் சங்கிலியில் நேர்மின் அம்மோனியத் தொகுதிகளை ஒட்டவைத்தால்தான் எண்ணெய்த் துளிகளை இழுக்கும். இந்தத் திரளாக்கியின் அளவு மிஞ்சினால் துளிகள் நேர்மின்சுமை ஏறி மறுபடி விலகும். அப்புறம், மாவுச்சத்து மட்கும் குணமுள்ளது என்பதால் அதன் கரைசலை நெடுநாள் வைத்திருக்க முடியாது. தேவைக்கேற்ப அவ்வப்போது கரைத்துக்கொள்ள வேண்டும்.