பச்சை எஞ்சின் ஏன் நீலமானது?

கிருஷ்ணகிரி ரவுண்டானாவை ஒட்டிய தெரு ஒன்றில் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்கு, கண்ணாடி உடைந்துபோன பழைய நீராவி எஞ்சின் படம் ஒன்றை அண்மையில் எடுத்துச் சென்றேன். பல ஆண்டுகள் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் தொங்கிய படம் அது. கடைக்காரர் சட்டத்தைக் கழற்றியபடியே, "நீல எஞ்சின் நல்லா இருக்குது சார்" என்றார். உண்மையில் அது இங்கிலாந்தின் டான்காஸ்டரில் 1923இல் கட்டப்பட்ட 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்'. 1934இல் மணிக்கு 100 மைல், அதாவது 161 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய அந்த எஞ்சினின் நிறம் ஆப்பிள் பச்சை. 1938இல் மணிக்கு 126 மைல் ஓடிய 'மல்லார்ட்'தான் நீலம். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. திருப்பத்தூரிலிருந்து 1905இல் இந்நகருக்கு வந்த குறுகிய பாதை ரயில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. தாளில் தெரியும் நிறத்தைத்தான் அவரால் நம்ப முடியும். அந்த நிறமோ மாறிப்போயிருந்தது.

இத்தகைய படங்களின் அச்சுமுறை கல்லில் தொடங்கியது. 1790களின் இறுதியில் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்ற நாடக ஆசிரியர், தம் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, அதன்மேல் அச்சுமையை உருட்டினால், வரைந்த இடம் மையைப் பற்றிக்கொள்வதையும் ஈரமான இடம் அதைத் தள்ளிவிடுவதையும் அவர் கண்டார். நம் மாவட்டத்துக் கிரானைட்டை எவ்வளவு மெருகேற்றினாலும் இதற்கு உதவாது. நுண்துளைகளில் நீரை வாங்கி வைத்துக்கொள்ளும் கல்லே வேண்டும். இன்றைய ஆப்செட் அச்சில் கல்லுக்குப் பதிலாக அலுமினியத் தட்டு வந்துவிட்டாலும், எண்ணெயும் நீரும் ஒட்டாத அதே குணம்தான் வேலை செய்கிறது.

படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் பச்சை என்று ஒரு மையே இல்லை என்பது தெரியும். சியான் என்னும் வெளிர்நீலம், மெஜந்தா என்னும் ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் புள்ளிகள் மட்டுமே உள்ளன. ஒரு அங்குலத்துக்கு 150 வரிசை என்றால் புள்ளிக்குப் புள்ளி தூரம் 0.17 மில்லிமீட்டர், கைநீட்டும் தொலைவில் நம் கண்ணால் அவற்றைப் பிரித்தறிய இயலாததால், சியானும் மஞ்சளும் கலந்து பச்சையாகத் தெரிகின்றன. நான்கு வரிசைகளையும் ஒரே திசையில் அடுக்க முடியாது. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டு லேசாகத் திருப்பினால் தோன்றும் அலைக்கோடுகள் படத்திலும் தோன்றிவிடும். ஆகவே சியான், கறுப்பு, மெஜந்தா வரிசைகளைப் பொதுவாக 15, 45, 75 பாகைகளில் 30 பாகை இடைவெளிவிட்டுச் சாய்க்கிறார்கள்.

அச்சகத்தாரின் திறமையைச் சோதிக்க நீராவி எஞ்சினைவிடக் கடினமான பொருள் அரிது என்பேன். கொதிகலனின் முகப்பு அட்டக்கறுப்பு. ஆனால் கறுப்பு மை தனியாக விழுந்தால் சாம்பல் பூத்ததுபோல் தெரியும் என்பதால், அதனடியில் மற்ற மைகளையும் இடுகிறார்கள். நீராவிக்கோ மையே கிடையாது. உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெளிக்காற்றில் குளிர்ந்து நீர்த்துளிகளாகும்போதுதான் வெண்மேகமாகிறது. அந்த வெண்மை, படத்தில் அச்சு விழாத வெற்றுத்தாள்தான். அதன் மடிப்புகளைக் காட்டும் மிகச்சிறிய புள்ளிகள் அச்சில் எளிதில் தொலைந்துவிடும். அவை தொலைந்தால் மேகம் சுண்ணாம்பு அப்பியதுபோல் தட்டையாகிவிடும்.

இனி நிறம் மாறியதற்கு வருவோம். ஒளி, குறிப்பாகப் புற ஊதாக்கதிர், மையிலுள்ள நிறமிகளின் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைக்கிறது. சாதாரண அச்சுமைகளில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் தோற்கின்றன. சியானில் உள்ளது தாமிரத்தை நடுவில் கொண்ட உறுதியான மூலக்கூறு. கறுப்போ வெறும் கரி, எஞ்சினின் புகைபோக்கியில் படிவதற்கு உறவு. வெயில் படும் கடைச் சுவரொட்டிகள் எல்லாம் நீலம் பாரித்துப்போவது இதனால்தான். என் எஞ்சினின் பச்சையிலிருந்தும் மஞ்சள் வெளியேற, சியான் மட்டும் எஞ்சியது. சட்டத்தின் கண்ணாடி புற ஊதாக்கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும்.

படத்தின் அடியில் கறுப்பு மையில் அச்சிட்டிருந்த 4472 என்ற எஞ்சின் எண் சிறிதும் மங்கவில்லை. புதுச் சட்டத்தோடு வாங்கிவந்த படத்தை இம்முறை சன்னல் இருக்கும் சுவரிலேயே மாட்டியிருக்கிறேன். அங்கே வெயில் நேராக விழாது.