பழைய கேம், மலிவான கம்ப்யூட்டர்: ஒரு துடிப்புக்கு எத்தனை துடிப்பு?

என் அக்கா மகன் போன விடுமுறையில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு பழைய ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டரை வாங்கி வந்தான். பிளேஸ்டேஷன் 2 கேம்களை எமுலேட்டரில், அதாவது அந்தக் கன்சோலைப் போலக் கம்ப்யூட்டரை நடிக்கவைக்கும் மென்பொருளில், ஆட வேண்டும், கையில் காசு குறைவு. உள்ளே இருந்தது இன்டெல் ஜியான் இ5-2650. 2012-இல் சர்வர்களுக்காக வந்த ப்ராசஸர். 8 கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). தனியாகக் கிராபிக்ஸ் கார்டும் உண்டு. கொடுத்த விலைக்குப் பெரிய பெட்டிதான்.

அன்று மாலையே போன் வந்தது. கார் ரேஸ் கேம் ஒன்று நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) ஓட வேண்டும், 41-லேயே நிற்கிறது. சத்தம் விட்டு விட்டு வருகிறது. "மாமா, டாஸ்க் மேனேஜர்ல சிபியு 13 பர்சென்ட்தான் காட்டுது. மீதி எல்லாம் சும்மாதானே இருக்கு? அப்புறம் ஏன் இழுக்குது?"

எமுலேட்டருக்காகக் கம்ப்யூட்டர் வாங்கும் எல்லோரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். பதில் தெரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

பழைய கன்சோல் ஒன்றிலிருந்து தொடங்கலாம். 90களில் நம் வீடுகளுக்கு 'டிவி கேம்' என்ற பெயரில் வந்த கேசட் பெட்டிகளில் பெரும்பாலானவை, 1983-இல் ஜப்பானில் நின்டென்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கன்சோலின் நகல்கள். அதன் ப்ராசஸர் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்பு. ப்ராசஸர் எந்தத் தாளத்தில் அடியெடுத்து வேலை செய்கிறதோ, அதன் ஒரு தட்டுதான் துடிப்பு. படம் வரைவதற்கு இன்னொரு சிப் உண்டு. ப்ராசஸர் ஒரு முறை துடிப்பதற்குள் அந்தச் சிப் மூன்று புள்ளிகளைக் கடந்துவிடும். ஒரு வரிக்கு 341 புள்ளி, ஒரு ஃப்ரேமுக்கு 262 வரி.

இனி சூப்பர் மாரியோவை நினைத்துப் பாருங்கள். மாரியோ ஓட ஓட தரையும் மேகமும் இடப்பக்கம் நகரும். ஆனால் மேலே ஸ்கோரும் நேரமும் காட்டும் பட்டை மட்டும் அசையாமல் நிற்கும். ஃபேமிகாமில் பின்னணி முழுவதையும் ஒன்றாகத்தான் நகர்த்த முடியும், பட்டையைத் தனியே நிறுத்திவைக்க வசதி கிடையாது. அப்படியென்றால் எப்படி நிற்கிறது? பட்டையில் ஒரு சின்ன நாணயப் படம் இருக்கும். அதன் அடிப்பகுதியில் ஒரு குட்டிப் படத்துணுக்கை ஒளித்து வைத்திருக்கிறார்கள். படம் வரையும் சிப் மேலிருந்து கீழே வரைந்துகொண்டே வந்து அந்தத் துணுக்கைத் தொட்டதும் ஒரு கொடி ஏறும். ப்ராசஸர் 'ஏறிவிட்டதா, ஏறிவிட்டதா' என்று அதையே பார்த்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருக்கும். ஏறியதும், அதற்குக் கீழே உள்ள வரிகளுக்கு மட்டும் பின்னணியை நகர்த்திவிடும். ஃப்ரேமுக்கு ஒரு தடவை, நொடிக்கு 60 தடவை இது நடக்கிறது. இந்த விஷயத்தை முதலில் தெரிந்துகொண்ட நாளில், சின்ன வயதில் நான் ஆடிய அதே கேமைத் திரும்பப் போட்டு அந்த நாணயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எமுலேட்டர் என்பது இந்த இரண்டு சிப்களையும் மென்பொருளாக நடித்துக் காட்டுவது. அவற்றின் கால ஒழுங்கு கொஞ்சம் பிசகினாலும் ஸ்கோர் பட்டை கிழிந்து ஆடும். அதனால் இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். இரண்டையும் இரண்டு கோரில் பிரித்துப் போட்டால் என்ன? ஒரு கோர் எழுதிவைத்ததை இன்னொரு கோர் எடுத்துப் படிப்பதற்கே நூறு துடிப்புக்கு மேல்கூட ஆகும். ஒவ்வொரு அடிக்கும் அப்படிக் காத்திருந்தால் வேகம் போய்விடும். ஒரே கல்லில் தோசை வார்க்க எட்டு பேர் நின்று என்ன பயன்? மற்ற மென்பொருள்களுக்கு உதவும் கூடுதல் கோர்கள் எமுலேட்டருக்கு உதவாமல் போவது இதனால்தான். ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே பேச்சு.

என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் போடுவது ஒரு எளிய வகுத்தல் கணக்கு. உங்கள் ப்ராசஸரின் வேகத்தைக் கன்சோல் ப்ராசஸரின் வேகத்தால் வகுத்துப் பாருங்கள். கன்சோல் ஒரு முறை துடிக்கும் நேரத்தில் உங்கள் ப்ராசஸருக்கு எத்தனை துடிப்பு கிடைக்கிறது என்று தெரியும். 3.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோர் என்று வைத்துக்கொண்டால், ஃபேமிகாமின் ஒரு துடிப்புக்கு சுமார் 1,950 துடிப்பு இருக்கிறது. தாராளம். 1994-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 33.87 மெகாஹெர்ட்ஸ், அதற்கு 103 கிடைக்கும். 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2-இன் ப்ராசஸர் 294.9 மெகாஹெர்ட்ஸ். வகுத்தால் வெறும் 12.

இந்த 12 எவ்வளவு நெருக்கடி என்பது, எமுலேட்டர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால்தான் புரியும். கன்சோல் ப்ராசஸர் பேசும் கட்டளை மொழி வேறு, நம் கம்ப்யூட்டருடையது வேறு. அரசியல் மேடையில் வடநாட்டுத் தலைவர் ஒரு வரி பேச, பக்கத்தில் நிற்பவர் உடனே தமிழில் சொல்வாரே, அதுபோல ஒவ்வொரு கட்டளையாகப் படித்து, என்னவென்று புரிந்துகொண்டு, செய்து முடிப்பது ஒரு வழி. ஒரே கட்டளை ஆயிரம் தடவை வந்தால் ஆயிரம் தடவையும் மொழிபெயர்க்க வேண்டும். கட்டளை ஒன்றுக்குப் பத்துக் கணக்கில் துடிப்பு செலவாகும். முதல் பிளேஸ்டேஷனுக்கு இது கட்டுப்படியாகும், பிளேஸ்டேஷன் 2-க்குக் கட்டாது. அதற்கு, பேச்சின் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கி எழுத்தில் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பகுதி திரும்ப வரும்போதெல்லாம் எழுதிவைத்ததை நேராக ஓட்டுவார்கள். பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2 இப்படித்தான் ஓடுகிறது.

அப்படி எழுதி வைத்தாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. பிளேஸ்டேஷன் 2 ப்ராசஸரில் 32 பொதுப் பதிவகங்கள் (கணக்குப் போடும் எண்களை ப்ராசஸர் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் இடங்கள்), ஒவ்வொன்றும் 128 பிட் அகலம். நம் கம்ப்யூட்டரில் 16 பொதுப் பதிவகங்கள், 64 பிட் அகலம். 32 பேர் உட்கார்ந்த இடத்தில் 16 நாற்காலி. இடம் கிடைக்காதவை மெமரிக்குப் போய்த் திரும்ப வேண்டும். கூட்டல் கழித்தலில்கூட வேறுபாடு உண்டு. தசம எண் ஒன்றைப் பூஜ்யத்தால் வகுத்தால் நம் கம்ப்யூட்டர் 'முடிவிலி' என்று விடை தரும். பிளேஸ்டேஷன் 2-க்கு முடிவிலியே தெரியாது, தனக்குத் தெரிந்த மிகப் பெரிய எண்ணைத் தரும். கேம் எழுதியவர்கள் அந்த நடத்தையை நம்பி எழுதியிருப்பார்கள். எனவே கணக்கு போட்ட பிறகு விடையை இழுத்துப் பிடித்துச் சரிசெய்யும் வேலையும் எமுலேட்டர் தலையில் விழுகிறது. கன்சோலில் ஒரே கட்டளையாக இருந்தது இங்கே பல கட்டளைகளாகிவிடும். 12 துடிப்பு எப்படிக் கரைகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா?

போதாததற்கு, பிளேஸ்டேஷன் 2-க்குள் முதன்மை ப்ராசஸர் மட்டும் இல்லை. வெக்டர் கணக்குக்கு (பல எண்களை ஒரே அடியில் கணக்கிடுவது) இரண்டு அலகுகள், படம் வரைய ஒரு சிப், உள்ளீடு வெளியீட்டைக் கவனிக்க முதல் பிளேஸ்டேஷனின் ப்ராசஸரே ஒன்று. நல்ல வேளையாகப் படம் வரையும் வேலையையும் ஒரு வெக்டர் அலகையும் மட்டும் தனித்தனி த்ரெட்டில் பிரித்துப் போட முடிகிறது. ஆக, பெரும்பாலான வேலை மூன்று த்ரெட்டில் முடிந்துவிடும். நான்கு கோர் இருந்தால் போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த 13 சதவீதத்துக்கு வருவோம். 16 த்ரெட்டில் ஒன்று முழு மூச்சாக ஓடினால் டாஸ்க் மேனேஜர் காட்டுவது 6.25 சதவீதம். அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கூட இரண்டு த்ரெட் அரைகுறையாக ஓடியதில் மொத்தம் 13 வந்தது. மீதிக் கோர்களுக்கு எடுத்துக்கொடுக்க வேலையே இல்லை. அந்த ஜியானின் அடிப்படை வேகம் 2 கிகாஹெர்ட்ஸ், ஒற்றைக் கோரில் முழுதாக முடுக்கினாலும் 2.8.

சரி, எதை வாங்கலாம்? கையில் காசு குறைவென்றால், அலுவலகங்களில் நான்கைந்து வருடம் உழைத்துவிட்டு மொத்தமாக வெளியே வரும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகை டெஸ்க்டாப்களைத்தான் நான் கைகாட்டுவேன். பார்க்க எந்தக் கவர்ச்சியும் இல்லாத கறுப்புப் பெட்டிகள். ஆனால் உள்ளே இன்டெல்லின் ஐ5-6500 ப்ராசஸர் இருந்தால் நான்கு கோர், 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை முடுக்கம். ஐ5-8500 என்றால் ஆறு கோர், 4.1 வரை. வேகத்தின் எண் மட்டும் முக்கியமில்லை, ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதும் தலைமுறைக்குத் தலைமுறை கூடியிருக்கிறது. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையில் (ஐ5-6500 இதில் சேரும்) ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் உண்டு, மேலே சொன்ன ஜியானில் அவை இல்லை.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஐ5-6500 வேறு, ஐ5-6500டி வேறு. கையடக்கமான குட்டிப் பெட்டிகளில் சூடு குறைய வேண்டும் என்று போடுவது இந்த 'டி' வகை. முடுக்கம் 3.1-லேயே நின்றுவிடும். கடைக்காரர் இரண்டையும் 'ஐ5 சிக்ஸ்த் ஜென்' என்றுதான் சொல்வார், அது பொய்யும் இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டு டாஸ்க் மேனேஜரில் முழுப் பெயரை நீங்களே படித்துவிடுங்கள்.

மெமரியை ஒரே 8 ஜிபி குச்சியாக வாங்காமல் இரண்டு 4 ஜிபி குச்சிகளாகப் போடுங்கள். இந்தப் பெட்டிகளில் கிராபிக்ஸ் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது, தனி மெமரி கிடையாது. டிடிஆர்4-2400 குச்சி ஒன்று நொடிக்கு 19.2 ஜிபி கடத்தும், இரண்டு போட்டால் பாதை இரட்டிப்பாகும். பிளேஸ்டேஷன் 2-இன் படத்தை இரண்டு மடங்கு துல்லியமாகப் பார்க்க ஆசைப்படும்போது அந்த அகலம் தேவைப்படும். அதற்கு மேல் நான்கு மடங்கு, ஐந்து மடங்கு வேண்டுமென்றால்தான் தனிக் கிராபிக்ஸ் கார்டு பற்றி யோசிக்க வேண்டும்.

ஆறாம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், முக்கியமான எமுலேட்டர்கள் எல்லாம் அதிலும் ஓடும்.

சூப்பர் நின்டென்டோ, முதல் பிளேஸ்டேஷன் வரை போதும் என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம், ராஸ்ப்பெரி பை 4 என்ற கையளவுக் கம்ப்யூட்டர்கூடச் சமாளிக்கும். இன்டெல் என்100 போட்ட குட்டிக் கம்ப்யூட்டர்கள் கரண்ட் அதிகம் இழுக்காதவை. இலகுவான பிளேஸ்டேஷன் 2 கேம்கள் அவற்றில் நன்றாக ஓடும், கனமானவை திணறும்.

பிளேஸ்டேஷன் 3 மட்டும் தனிக் கதை. அதன் செல் ப்ராசஸரே 3.2 கிகாஹெர்ட்ஸ், வகுத்தால் கிட்டத்தட்ட ஒன்றுதான் வரும். ஆனால் வேலையில் பெரும்பகுதியை அதிலுள்ள துணை ப்ராசஸர்கள் பங்கிட்டுச் செய்கின்றன. கேம்களுக்குக் கிடைப்பவை 6. அவற்றைத் தனித்தனிக் கோரில் போடலாம் என்பதால் இங்கே மட்டும் கோர் எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு, அந்தக் கோர்கள் வேகமாகவும் இருக்க வேண்டும். மலிவு விலையில் இதற்கு ஆசைப்படாதீர்கள்.

அலுவலக டெஸ்க்டாப்பில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பலவற்றில் டிவிடி டிரைவ் இருக்கும். பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கைச் சாதாரண டிவிடி டிரைவே படித்துவிடும். சொந்த டிஸ்க்கை ஒரு முறை கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டால் கீறல் விழுமோ என்ற பயம் இல்லை. பயாஸையும் (கன்சோலைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) சொந்தக் கன்சோலிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் கிடைக்கிறது என்று இறக்காதீர்கள். எமுலேட்டர் எழுதுவது வேறு, அடுத்தவர் எழுதிய பயாஸையும் கேமையும் நகலெடுத்துப் பரப்புவது வேறு.

அக்கா மகன் இரண்டு நாளில் அந்த ஒர்க்ஸ்டேஷனைக் கொடுத்துவிட்டு ஐ5-6500 போட்ட பெட்டியாக மாற்றி வந்தான். நானும் போய் உட்கார்ந்தேன். அதே கார் ரேஸ், அதே டிஸ்க். ஃப்ரேம் எண் 60-ஐ விட்டு அசையவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து நான்கு கோரையும் தனித்தனி வரைபடமாக வைத்துப் பார்த்தோம். ஒன்று எழுபதைச் சுற்றி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, இரண்டு பாதியளவில். நான்காவது கிட்டத்தட்டத் தரையோடு தரையாகக் கிடந்தது.